பிளாஸ்டிக் கலந்த தார் ரோடு: கடலூரிலும் புதுச்சேரியிலும் கேட்கிற கேள்விகள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருவில் ஒன்றரை வருடமாக சிப்ஸ் கவர், பிஸ்கட் கவர், கேரி பேக் எல்லாவற்றையும் மற்ற குப்பையோடு சேர்க்காமல் தனிச் சாக்கில் போட்டு வைக்கிறோம். இதை வைத்து என்ன செய்வீர்கள் என்று கேட்பவர்களிடம் ரோடு போடத்தான் என்று சொன்னால் போதும், வரிசையாகக் கேள்விகள் வரும். புதுச்சேரியில் இருக்கிற சொந்தக்காரர்களும் அதையேதான் கேட்கிறார்கள். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் இன்ஜினியர் இல்லை. தேடிப் படித்ததும், தார் கலக்கும் பிளாண்டில் போய் நின்று பார்த்ததும், சாக்கைத் தூக்கிக்கொண்டு அலைந்ததில் புரிந்ததும்தான் இதில் இருக்கிறது.

பிளாஸ்டிக் ரோடு என்றால் முழுக்க பிளாஸ்டிக்கிலேயே போட்டதா?

இல்லை. பார்க்க சாதாரணத் தார் ரோடு மாதிரியேதான் இருக்கும். நூறு கிலோ ரோட்டுக் கலவையில் ஏறக்குறைய 95 கிலோ ஜல்லியும் கல்தூளும், மீதி 5 கிலோ தார். பிளாஸ்டிக் வருவது அந்தத் தாரின் பங்கில்தான். தாரின் எடையில் 6 முதல் 8 சதவீதம் என்று, ரோடு போடும் தர அளவுகளை வகுக்கிற இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் என்ற அமைப்பு 2013-ல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. ஆக, நூறு கிலோ கலவையில் அரைக் கிலோகூட வராது. இவ்வளவுதானா என்று பலருக்கு முகம் வாடிவிடும். ஆனால் அந்த அரைக் கிலோ எங்கே போய் ஒட்டிக்கொள்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

நெதர்லாந்தில் ஸ்வோலே என்ற ஊரில் 2018-ல் உள்ளே வெற்றிடம் விட்ட பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கி 30 மீட்டருக்கு ஒரு சைக்கிள் பாதை போட்டார்கள். அது வேறு முறை. நம் ஊரில் பேசுவது தார் ரோட்டைப் பற்றி.

இதைக் கண்டுபிடித்தது யார்? வெளிநாட்டுச் சரக்கா?

நம் மதுரைச் சரக்கு. தியாகராஜர் பொறியியல் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த ராஜகோபாலன் வாசுதேவன் 2000-களின் தொடக்கத்தில் செய்து காட்டியது. 2006-ல் காப்புரிமை கிடைத்தது, 2018-ல் அவருக்கு பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2002-ல் இந்த முறையில் போட்ட சென்னை நுங்கம்பாக்கம் ஜம்புலிங்கம் தெருவைப் பற்றி 2015 வெள்ளத்துக்கு அப்புறமும் நன்றாக இருக்கிறது என்று வெளிநாட்டுப் பத்திரிகை வரை எழுதினார்கள். பெங்களூரிலும் அதே காலத்தில் தாரோடு பிளாஸ்டிக்கைக் கலந்து ரோடு போட ஆரம்பித்தார்கள்.

எப்படிப் போடுகிறார்கள்? பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றுவார்களா?

தனியாக உருக்கி ஊற்றுவதில்லை. நான் பிளாண்டில் பார்த்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் கவர்களைப் பிரித்து, மண் தட்டி, காயவைத்து, துண்டாக்கும் மிஷினில் போட்டுப் பொடிப்பொடியாக வெட்டுகிறார்கள். ஒவ்வொரு துண்டும் 2, 3 மில்லிமீட்டர்தான் இருக்கும், கையில் அள்ளினால் பல நிறத்துக் கோலப்பொடி மாதிரி பறக்கும். அந்தப் பக்கம் ஜல்லியை 160, 170 டிகிரிக்குச் சூடாக்குகிறார்கள். இதற்கென்று தனியாகச் சூடாக்க வேண்டியதில்லை, எந்தத் தார் ரோட்டுக்கும் ஜல்லி அந்தச் சூட்டுக்கு வந்தாக வேண்டும். சூடான ஜல்லி மேல் இந்தப் பொடியைத் தூவினால் அரை நிமிடத்துக்குள் இளகி, ஒவ்வொரு கல்லையும் மெல்லிய தோல் மாதிரி சுற்றிக்கொள்கிறது. அதற்குப் பிறகுதான் தார் ஊற்றிக் கலக்கிறார்கள். அப்புறம் வழக்கம்போல டிப்பரில் ஏற்றிக் கொண்டுவந்து, 110, 120 டிகிரி சூடு இருக்கும்போதே பரப்பி, ரோலர் ஓட்டவேண்டியதுதான்.

இதை உலர்முறை என்கிறார்கள். பிளாஸ்டிக்கைத் தாரிலேயே போட்டுக் கலக்கும் ஈரமுறையும் உண்டு. ஆனால் தாரும் பிளாஸ்டிக்கும் அவ்வளவு எளிதில் ஒட்டி இருக்காது, கிண்டிக்கொண்டே இல்லாவிட்டால் பிளாஸ்டிக் மேலே மிதந்து பிரிந்துவிடும், அதற்கென்று தனி மிஷின் வேண்டும். நம் ஊர் பிளாண்டுக்கு உலர்முறைதான் சரி, புதிதாக வாங்கவேண்டியது துண்டாக்கும் மிஷின் மட்டும்தான்.

சாதாரணத் தார் ரோடு மழையில் ஏன் பெயர்கிறது? பிளாஸ்டிக் அதில் என்ன செய்யும்?

நான் முழுசாகப் புரிந்துகொள்ள ஆசைப்பட்ட கேள்வி இது.

கல்லுக்கும் தாருக்கும் இருக்கிற ஒட்டைவிட கல்லுக்கும் தண்ணீருக்கும் இருக்கிற ஒட்டு அதிகம். தார் பூசிய கல்லில் எங்கேயாவது சின்ன வெடிப்பு வழியாகத் தண்ணீர் நுழைந்தால், அது கல்லின் மேற்பரப்பைத் தேடிப் போய் உட்கார்ந்துகொண்டு தாரைத் தள்ளிவிடும். அப்புறம் மேலே பஸ்ஸும் லாரியும் போகும்போது, ஒவ்வொரு சக்கரமும் அந்தத் தண்ணீரை உள்ளே அழுத்தும், தாண்டியதும் உறிஞ்சி வெளியே இழுக்கும், கை பம்பு அடிக்கிற மாதிரி. நாலைந்து நாள் தண்ணீர் தேங்கிய ரோட்டில் ஜல்லி தனித்தனியாக உதிர்ந்து ஓரமாகக் குவிந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஜல்லியை எடுத்துப் பாருங்கள், தார் கழன்று கல் வெளுத்துத் தெரியும்.

பிளாஸ்டிக் தோல் அந்த இடத்தில்தான் வேலை செய்கிறது. கல்லின் நுண்துளைகளை அது மூடிவிடுகிறது, அதனால் கல் குடிக்கிற தண்ணீர் குறைகிறது. தாரும் எண்ணெய் வகை, பிளாஸ்டிக்கும் எண்ணெய் வகை. இரண்டும் சூட்டில் சேரும்போது, கல்லோடு தார் ஒட்டுவதைவிட உறுதியாக ஒட்டுகின்றன. பூசிய கல்லைத் தண்ணீரில் 72 மணி நேரம் ஊறவைத்துப் பார்க்கும் சோதனையிலும் தார் உரியவில்லை. ஜல்லியின் மேல் கவசம் மாதிரி இருப்பதால் அடி வாங்கி நொறுங்குவதும் குறைகிறது. நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர்களுக்குப் பின்னால் ஒரு சீசன் முழுக்க வண்டி ஓட்டியவர்களுக்கு, இது ஏன் முக்கியம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அக்னி நட்சத்திரத்தில் உருகி டயரில் ஒட்டாதா?

ஒட்டாது. தார் இளக ஆரம்பிக்கும் சூட்டைவிட பிளாஸ்டிக் இளகும் சூடு மிக அதிகம். நாம் ரோட்டுக்குப் பயன்படுத்தும் தார் 50 டிகிரியை ஒட்டியே மெதுவாக இளகத் தொடங்கும், அதனால்தான் மே மாதத்தில் சில ரோடுகளில் தார் கசிந்து பளபளக்கும், சிக்னலில் லாரி நின்ற இடம் குழிந்துபோகும். பாலித்தீன் 110 டிகிரிக்கு மேல்தான் இளகும். எந்த வெயிலிலும் நம் ரோடு அந்தச் சூட்டைத் தொடாது. பிளாஸ்டிக் சேர்ந்த கலவையில் தார் கசிவது குறைகிறது.

வெள்ளம் வந்தால் தாங்குமா? குழியே விழாதா?

2011 டிசம்பர் 30-ல் தானே புயல், 2015 மழை, 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல். ஃபெஞ்சலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை பெய்தது, அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணை எங்கள் பக்கம் கரை மீறியது. இதையெல்லாம் அனுபவித்தவர்கள் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்பார்கள், நியாயம்தான்.

நேராகச் சொல்கிறேன். தண்ணீர் தேங்குவதால் மேல்தளம் உரிவதை இந்த முறை நன்றாகத் தடுக்கும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், நாலு வருடம் தாண்டிய பிளாஸ்டிக் தார் ரோடுகளில்கூட குழி, சக்கரத் தடம், ஜல்லி உதிர்வு, ஓரம் உடைதல் எதுவும் ஏற்படவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் பிளாஸ்டிக் சேர்ப்பது மேல்தளத்தில் மட்டும். அடியில் மண் ஊறி இறங்கினால் மேலே என்ன பூசியிருந்தாலும் ரோடு சேர்ந்தே இறங்கும். ஆறு கரை உடைத்து ரோட்டையே அறுத்துக்கொண்டு போகும்போது பிளாஸ்டிக் எதுவும் செய்யாது. வாய்க்கால் அடைத்துக் கிடக்கிற தெருவில், நடுவில் உயர்த்தி இரண்டு பக்கமும் சரிவு விடாமல் தட்டையாகப் போட்ட ரோட்டில், முதலில் சரிசெய்ய வேண்டியது வடிகால்தான். அந்த வாய்க்காலை அடைத்துக்கொண்டிருப்பதும் பெரும்பாலும் இதே கவர்கள்தான். எங்கள் தெரு முனையில் மழைக்கு முன்பு தூர் வாரிய அன்று வெளியே வந்ததில் பாதிக்கு மேல் கேரி பேக்கும் தண்ணீர் பாக்கெட்டும். அந்தச் சாக்கைத் தொடங்கியதே அன்றைக்கு அதைப் பார்த்துத்தான்.

எந்தெந்த பிளாஸ்டிக்கைக் கொடுக்கலாம்?

மெல்லிசாக இருக்கிற கவர் வகைகள். கேரி பேக், மளிகைக் கவர், துணிக்கடைக் கவர், டீ கப், சிப்ஸ், பிஸ்கட், சாக்லேட் உறைகள், உள்ளே வெள்ளித்தாள் மாதிரி மின்னும் உறைகள்கூட ஆகும். 60 மைக்ரான் வரை தடிமன் என்பது வழிகாட்டியில் இருக்கிற கணக்கு. தெர்மாகோல் ஆகும். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் உடைந்த மீன் பெட்டி தெர்மாகோல் மலை மாதிரி கிடக்கிறதே, அது எந்தத் தடிமனில் இருந்தாலும் ஏற்றுக்கொள்வார்கள், ஆனால் நன்றாகக் கழுவிக் காய்ந்திருக்க வேண்டும், மீன் கவிச்சியோடு கொடுத்தால் அதைத் துண்டாக்கும் பெண்கள் எப்படி உட்கார்ந்து வேலை செய்வார்கள், யோசித்துப் பாருங்கள்.

ஒரு விஷயம், பால் கவரையும் எண்ணெய்க் கவரையும் ரோட்டுக்குக் கொடுக்காதீர்கள். அது நல்ல பாலித்தீன், கழுவிக் கொடுத்தால் பழைய பேப்பர் கடையிலேயே எடுத்துக்கொள்வார்கள், திரும்ப ஒரு பொருளாக மாறும். தண்ணீர் பாட்டிலும் அப்படித்தான். அதற்கு நல்ல விலை இருக்கிறது, தவிர அந்த வகை பிளாஸ்டிக் 250 டிகிரிக்குப் பக்கத்தில்தான் உருகும், 170 டிகிரி ஜல்லியில் பூசாது. காயலான் கடையில் எதை வேண்டாம் என்று தள்ளுகிறார்களோ அது ரோட்டுக்கு. இதுதான் நான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கும் அளவுகோல். 2016 பிளாஸ்டிக் கழிவு விதிகளிலும், வேறு வகையில் மறுசுழற்சி செய்ய முடியாததை ரோட்டுக்குப் பயன்படுத்துவதே நல்லது என்றுதான் இருக்கிறது.

எதைச் சேர்க்கவே கூடாது?

ஃபிளெக்ஸ் பேனர். இதைத் தடித்த எழுத்தில் எழுதவேண்டும். காதுகுத்து, கல்யாணம், மஞ்சள் நீராட்டு, கட்சிக் கூட்டம் என்று நம் ஊரில் ஒரு வாரத்தில் கட்டும் பேனர்களைச் சேர்த்தாலே ஒரு லாரி நிறையும், அதனால் நல்லெண்ணத்தில் பலரும் முதலில் கொண்டுவந்து கொடுப்பது அதைத்தான். அது பிவிசி. சூடாக்கினால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற அமில வாயு வரும், பிளாண்டில் நிற்பவர்களின் கண்ணும் தொண்டையும் எரியும், மிஷின் இரும்பையும் அரிக்கும். எரித்தால் டயாக்சின் என்ற கொடிய நஞ்சு. பிவிசி பைப், ரெக்சின், மழைக்கோட்டு, பழைய மேசை விரிப்பு எல்லாம் இதே வகை. எதுவும் வேண்டாம்.

கறுப்பு கேரி பேக்கையும் தவிர்க்கச் சொல்கிறார்கள். அது பல தடவை உருக்கி உருக்கிச் செய்தது, தரம் போய்விட்டது. நைலான் மீன் வலை 220 டிகிரியை நெருங்கினால்தான் உருகும், அதனால் அதுவும் ஆகாது. தேவனாம்பட்டினத்தில் கரையோரம் கிடக்கிற வலைத்துண்டைச் சேர்த்து வைத்த தம்பிகளிடம் இதைச் சொல்லத்தான் வருத்தமாக இருந்தது. டயப்பர், நாப்கின், ஊசி, சலைன் ட்யூப் எல்லாம் தனிக் குப்பை.

கழுவிக் காயவைத்துத்தான் கொடுக்கணுமா? எப்படியும் சூட்டில் போடப்போவதுதானே?

கட்டாயம். கவரில் ஈரம் இருந்தால் ஜல்லியின் சூடு அந்த ஈரத்தை ஆவியாக்குவதிலேயே போய்விடும், பிளாஸ்டிக் சரியாக இளகாது. சாம்பார் எண்ணெய், மண், சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தால் அந்த இடத்தில் கல்லோடு ஒட்டாது, பூச்சில் ஓட்டை விழும், தண்ணீர் அந்த ஓட்டை வழியாகத்தான் வரும்.

எங்களுக்கே ஒரு அடி விழுந்தது. முதல் மழைக்காலத்தில் சேர்த்த சாக்குகளை ஓட்டு வீட்டுத் திண்ணையில் அடுக்கி வைத்திருந்தோம், சாரல் அடித்து அத்தனையும் உள்ளுக்குள்ளேயே புழுங்கிப் போனது. கொண்டுபோய் இறக்கிய இடத்தில் பிரித்துப் பார்த்துவிட்டு, எடுத்துக்கொள்ளவே மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தால் அவர்கள் செய்ததுதான் சரி. இதற்கு நேர்மாறான ஒரு வேலையையும் பார்த்திருக்கிறேன். வேறொரு இடத்தில் எதையும் பிரிக்காமல், மண்ணும் ஈரமுமாக, மூட்டையை அப்படியே கொட்டிக் கலந்து ஒரு தெருவில் போட்டார்கள். ஒரே மழை, ஜல்லி பெயர்ந்துவிட்டது. தெருவே சேர்ந்து பிளாஸ்டிக் ரோடு என்றாலே ஏமாற்று என்று முடிவு கட்டிவிட்டது. அதில் பழி பிளாஸ்டிக்குக்குப் போனதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஒரு கவரைக் கழுவ அரை டம்ளர் தண்ணீர் போதும், அரிசி களைந்த தண்ணீரிலேயே கழுவலாம். காய்கிற துணிக்குப் பக்கத்தில் கிளிப் போட்டு விட்டால் வேலை முடிந்தது.

ஒரு கிலோமீட்டர் ரோட்டுக்கு எவ்வளவு பிளாஸ்டிக் வேண்டும்?

சுமார் ஒரு டன். கணக்கு வேண்டுமென்றால் போட்டே பார்க்கலாம். 3.75 மீட்டர் அகலம், 25 மில்லிமீட்டர் கனம், ஒரு கிலோமீட்டர் நீளம் என்றால் 94 கன மீட்டர் கலவை, எடை 215 டன் பக்கம். அதில் 5 சதவீதம் தார் என்றால் பத்தேமுக்கால் டன். அதில் 8 சதவீதம் என்றால் முக்கால் டன்னுக்குக் கொஞ்சம் மேல். 10 சதவீதம் வரை போனால் ஒரு டன்னைத் தாண்டும். எவ்வளவு பிளாஸ்டிக் சேர்கிறதோ அந்த அளவு தார் மிச்சம்.

ஒரு கேரி பேக் 5 கிராம் என்று வைத்துக்கொண்டால் ஒரு டன்னுக்கு 2 லட்சம் கேரி பேக். வாய்க்காலில் மிதக்கவேண்டிய 2 லட்சம் பை ஒரு கிலோமீட்டருக்குள் அடங்குகிறது.

அப்படியென்றால் நாட்டில் இருக்கிற பிளாஸ்டிக் குப்பை எல்லாவற்றையும் ரோட்டிலேயே தீர்த்துவிடலாமே?

முடியாது, அப்படிச் சொல்லி யாராவது ஆசை காட்டினால் நம்பவேண்டாம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியக் கணக்குப்படி 2019-20-ல் நாடு முழுக்கச் சேர்ந்த பிளாஸ்டிக் கழிவு ஏறக்குறைய 35 லட்சம் டன். கிலோமீட்டருக்கு ஒரு டன் என்றால் வருடா வருடம் 35 லட்சம் கிலோமீட்டர் ரோடு போடவேண்டும். இந்தியாவில் இருக்கிற மொத்தச் சாலை நீளமே 63 லட்சம் கிலோமீட்டர் சுமார்தான். புதுச்சேரி குருமாம்பேட்டு குப்பைக் கிடங்கில் சேர்ந்த மலையைக் கரைப்பதற்கும் இது வழி இல்லை. அங்கே பல வருடம் மண்ணோடும் அழுகியதோடும் புதைந்து கிடந்த கவரைப் பிரித்தெடுத்துக் கழுவுவதற்குள் அதன் பாதி தரம் போயிருக்கும்.

வாங்குவதைக் குறைப்பது முதல் வேலை. மஞ்சப்பை எடுத்துப்போவது, மீன் வாங்க டப்பா எடுத்துப்போவது. அதையும் மீறி வீட்டுக்குள் வந்துவிட்ட, யாரும் விலைக்கு எடுக்காத கவருக்கு ஒரு நல்ல முடிவு, அதுதான் ரோடு.

தடைதான் போட்டாயிற்றே, அப்புறம் கவர் எங்கிருந்து வரும்?

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை, நாடு முழுக்க குறிப்பிட்ட சில பொருட்களுக்கு 2022 ஜூலை 1 முதல் தடை. ஆனால் கம்பெனிகள் பொருளை அடைத்து விற்கிற உறைகள் இன்னும் வீட்டுக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. எங்கள் சாக்கை எப்போது கவிழ்த்தாலும் அதிகமாக விழுவது அந்த உறைகள்தான்.

புகை விஷம் இல்லையா?

எரிப்பதும் இளக்குவதும் வேறு வேறு. பாலித்தீன், பாலிப்ரொப்பிலீன், தெர்மாகோல் வகைகள் 130, 140 டிகிரியில் இளகும்போது சிதைவதில்லை. 270 டிகிரியைத் தாண்டினால்தான் சிதைந்து வாயு வரத் தொடங்கும். ரோட்டு வேலை 170 டிகிரியோடு முடிந்துவிடுகிறது. அதனால் இரண்டு விஷயத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கவேண்டும். பிவிசி கலக்கக் கூடாது, ஜல்லிச் சூடு எகிறக் கூடாது. பிளாண்டில் வெப்பமானி வேலை செய்கிறதா என்று பார்ப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. அப்புறம், சூடான தாருக்கே புகை உண்டு, அதில் நாள் முழுக்க நிற்கிற தொழிலாளிக்கு பிளாஸ்டிக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முகக்கவசம், கையுறை, ஷூ கொடுத்தாக வேண்டும். தார் போடுகிறவர்கள் காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு நிற்பதை இன்னும் பார்க்கிறேன், மனசு கேட்கவில்லை.

ரோடு தேயும்போது அந்த பிளாஸ்டிக் தூளாகி கடலுக்குப் போகாதா?

நல்ல கேள்வி, இதைக் கேட்பவர்களை எனக்குப் பிடிக்கும். பிளாஸ்டிக் இருப்பது கல்லுக்கும் தாருக்கும் நடுவில், தாரோடு பிணைந்து. பொட்டலமாகத் தெருவில் கிடந்து வெயிலில் நொறுங்குவதைவிட அங்கே பாதுகாப்பாக இருக்கிறது. ஆனாலும் எந்த ரோடும் தேயும், தேய்கிற தூளில் அதுவும் கொஞ்சம் இருக்கும், டயர் தேய்ந்த தூளும் கூடவே இருக்கும். ஆகவே ரோடு உதிராமல் இருப்பதுதான் கடலுக்கும் பாதுகாப்பு, மோசமாகப் போட்ட பிளாஸ்டிக் ரோடு இரட்டைக் கேடு. இன்னொன்று, பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்கும்போது அந்தக் கழிவைக் கெடிலம் கரையிலோ ஏரி ஓரத்திலோ கொட்ட விடக்கூடாது. அதைச் சூடாக்கித் திரும்பப் புதுக் கலவையில் சேர்க்கலாம், சேர்க்கவும் வேண்டும்.

செலவு கூடுமா குறையுமா?

தார் மிச்சமாகிற பணம் ஒரு பக்கம். சேகரித்து, பிரித்து, காயவைத்து, துண்டாக்கும் கூலி இன்னொரு பக்கம். இரண்டும் கிட்டத்தட்ட சரிக்குச் சரியாகப் போனாலும், அடிக்கடி குழி அடைக்கிற செலவு மிச்சமாவதுதான் உண்மையான லாபம். அந்தக் கூலி தூய்மைக் காவலர்களுக்கும் மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கும் போகிறது என்றால் அதைச் செலவென்று நான் சொல்ல மாட்டேன்.

இப்படிப் போடுவது கட்டாயமா, விருப்பமா?

2015 நவம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஒரு உத்தரவு போட்டது. 5 லட்சத்துக்கு மேல் மக்கள் தொகை உள்ள நகரங்களின் எல்லையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள், சூடான தார்க் கலவையில் மேல்தளம் போடும்போது பிளாஸ்டிக் கழிவைச் சேர்ப்பதே வழக்கமான முறையாக இருக்கவேண்டும் என்று. 2011 கணக்கெடுப்பில் புதுச்சேரி நகர்ப்பகுதி முழுவதையும் சேர்த்தால் ஆறரை லட்சம் பேர். அந்தக் கணக்கில் பார்த்தால் பாகூரும் கடலூரும் நெல்லிக்குப்பமும் அந்த வட்டத்துக்குள்தான் வருகின்றன. 2016 விதிகள் உள்ளாட்சி அமைப்புகளும் இதை ஊக்குவிக்கவேண்டும் என்கின்றன. கிராமச் சாலைகளில் தமிழ்நாடு ஊரக வளர்ச்சித் துறை இருபது வருடத்துக்கு முன்பே இதைச் செய்ய ஆரம்பித்துவிட்டது.

சிமெண்ட் ஆலைக்கு அனுப்புகிறார்களே, அதுவே போதாதா?

அரியலூர், டால்மியாபுரம் பக்கம் சூளைக்கு எரிபொருளாகப் போகிறது. அழுக்கேறி, பிரிக்க முடியாமல் போனதற்கு அது சரியான இடம். சுத்தமாகப் பிரித்த கவரை லாரியில் அவ்வளவு தூரம் அனுப்பி எரிப்பதைவிட, நம் ஊர் ரோட்டில் பல வருடம் வேலை வாங்குவது மேல் என்பது என் கருத்து.

எங்கள் தெருவுக்கும் இப்படிப் போடச் சொல்லி எப்படிக் கேட்பது?

ரோடு போட மிஷின் வந்து நின்ற பிறகு கேட்டால் எதுவும் நடக்காது. மதிப்பீடு தயாராகும்போதே கேட்கவேண்டும், பிளாஸ்டிக் கலவை என்பது டெண்டரில் எழுதியிருந்தால்தான் ஒப்பந்தக்காரர் செய்வார். கிராமம் என்றால் கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள், மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று தேதி தெரிந்ததுதான். டவுன் என்றால் கவுன்சிலரிடமும் மாநகராட்சி பொறியியல் பிரிவிலும் எழுத்தில் கொடுங்கள். புதுச்சேரியில் ரோடு கொம்யூன் பஞ்சாயத்துடையதா, நகராட்சியுடையதா, பொதுப்பணித் துறையுடையதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அங்கே போ, இங்கே போ என்று அலைய விடுவார்கள். போட்டு முடித்த ரோட்டின் மதிப்பீட்டு நகல் வேண்டுமானால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனு போடலாம், 30 நாளில் பதில் தரவேண்டும்.

கேட்கும்போது கையில் ஒரு வருடச் சாக்கு இருந்தால் பேச்சே மாறிவிடும். வெறும் மனுவோடு போன அன்று எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. காய்ந்த, பிரித்த கவர் மூட்டைகளோடு போன அன்று, எங்கே காயவைக்கிறீர்கள், எத்தனை வீடு சேர்ந்திருக்கிறீர்கள் என்று அவர்களே கேட்க ஆரம்பித்தார்கள்.

போட்ட ரோட்டில் உண்மையிலேயே பிளாஸ்டிக் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

போட்டு முடித்த பிறகு கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, மாதிரி வெட்டியெடுத்து லேபில்தான் பார்க்கவேண்டும். பிளாண்டில் கலக்கும்போது பார்ப்பது சுலபம். இரண்டு பேர் போங்கள், முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனால் பெரும்பாலும் விடுவார்கள். தார் ஊற்றுவதற்கு முன்பு, பொடி தூவிய ஜல்லியை ஒரு கரண்டி எடுத்துத் தரையில் கொட்டி ஆறவைக்கச் சொல்லுங்கள். பூச்சு சரியாக ஏறியிருந்தால் ஒவ்வொரு கல்லும் எண்ணெய் தடவின மாதிரி மினுமினுக்கும், தனித்தனித் துண்டாக பிளாஸ்டிக் எங்கேயும் தெரியாது. கல் வெளுப்பாகவும் நடுவே கலர் கலராகத் துண்டுகளும் தெரிந்தால், ஜல்லியில் சூடு போதவில்லை அல்லது கவரில் ஈரம் இருந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த லோடை நிறுத்தச் சொல்லுங்கள்.